மந்திரியைக் கொடுத்த ஆட்டம்

ஜூன் 9, திங்கள்

கம்ப்யூட்டர் இன்றும் என்னை மதிக்கவில்லை. ஆரணி ஆட்டத்தின் முடிவை இன்னொரு விதமாக அடுக்கிக் கொடுத்துப் பார்த்தேன். மந்திரியைக் கொடுத்ததும் ஆரணி அம்போ என்று நிற்கிறதாம். ரசனை கெட்ட யந்திரம்.

இதை அறுபது வயதில் எடுத்துப் படிக்கப்போகிறவளும் நான்தான். அப்போது பாதி மறந்திருக்கும். அதனால் விவரமாகவே எழுதிவைக்கிறேன். ஆயிரத்து எண்ணூற்று எண்பதுகளில் ஆரணிக்காரர்கள் மூன்று பேர் ஓர் அணியாகச் சேர்ந்து, வேலூர்ப் பட்டாளத்து வெள்ளைக்கார அதிகாரிகள் நாலு பேரோடு தந்தி மூலம் ஒரு சதுரங்க ஆட்டம் ஆடியிருக்கிறார்கள். இங்கே மூன்று பேரும் பேசி முடிவெடுத்த நகர்த்தல் தந்தியில் போகும். அங்கே நாலு பேரும் கூடி மண்டையை உடைத்துக்கொண்டு பதில் அனுப்புவார்கள். ஆட்டத்தின் முதல் பாதி மெட்ராஸில் வந்த ஓர் ஆங்கில வாரப் பத்திரிகையில் இருக்கிறது. அடுத்த வாரத்து இதழைக் காணோம். முடிவு மட்டும் ஒரு தமிழ் மாசிகையில் சில வரிகளாகக் கிடைத்தது. எனக்கு மனப்பாடம்.

"மந்திரி குதிரையின் ஏழாம் வீட்டில் நிற்கையில், பொன்னுரங்கம் என்பார் அதைக் கொடுத்துவிடச் சொல்ல, மற்ற இருவரும் முதலில் மறுத்துப் பின்பு இணங்கினர். மந்திரி வேலூர் ராஜாவின் முகத்தில் போய் நிற்க, வேலூரார் வேறு வழியின்றி வெட்டினர். ராஜாவுக்கு அசைவில்லாமல் ஆட்டம் முடிந்தது."

ராஜாவுக்கு அசைவில்லை என்றால் வெற்றி, வேறென்ன? மந்திரி என்பது எங்கள் சதுரங்கக் கழகத்துப் பிள்ளைகள் பிஷப்புக்குச் சொல்லும் பெயர், மூலைவாக்கில் ஓடும் காய். அதைப் பலி கொடுத்துப் பட்டாளத்தையே மண்ணைக் கவ்வ வைத்திருக்கிறார்கள். இடையில் தொலைந்த நகர்த்தல்கள் என்னவாக இருக்கும் என்று நானும் விதவிதமாக ஊகித்துப் பார்க்கிறேன். ஒன்றிலும் வெற்றி வரமாட்டேன் என்கிறது. பொன்னுரங்கம் மேதை, எனக்குத்தான் மூளை போதவில்லை என்று வைத்துக்கொண்டேன். பிறகு பட்டுச்சேலை டிசைன் வேலைக்குத் திரும்பினேன்.


ஜூன் 14, சனி

கழகத்துக்கு குப்புராஜ் அண்ணன் வந்தார். கழகம் நடப்பதே அவர் பட்டுக்கடையின் மாடியறையில்தான். மாசிகையில் வரும் பொன்னுரங்கம் அவருடைய கொள்ளுத்தாத்தாதான் என்பதை நான்தான் கண்டுபிடித்துச் சொன்னேன். ஏன் சொன்னேனோ.

பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்த மேசைக்கு நடுவில் நின்றுகொண்டு பேசினார். ஆவணியில் முகூர்த்தம் ஆரம்பிக்கும்போது ஒரு விழா. மந்திரி வருகிறார், காய் இல்லை, நிஜ மந்திரி. 'வெற்றி பார்டர்' என்று புதுச் சேலை வெளியீடு. நான் மேடையில் அந்த ஆட்டத்தைப் பெரிய பலகையில் ஆடிக் காட்டி, ஆரணி எப்படி ஜெயித்தது என்று பேச வேண்டும். சேலைக்கு டிசைனும் நானே.

"நல்லபடியா நடந்துதுன்னா இந்த ரூம் உங்க கழகத்துக்கே. இல்லாங்காட்டி சரக்கு வெக்கணும்மா, எடம் பத்தல" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வியாபாரிகள் எதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள்.

எங்கள் தலைவர் ரங்கசாமி சார் உடனே கைதட்டினார். அவர் எதற்கும் கைதட்டுவார்.

அறை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு மின்விசிறி கத்தும், ஒன்று சுற்றாது. கீழே புதுப் பட்டின் கஞ்சி வாசனை மேலே வரும். ஆனால் ஆரணி முழுக்க எனக்கு இருக்கும் ஒரே இடம் இது. என் மகன் கிரணைப் போட்டிகளுக்குக் கூட்டிக்கொண்டு போய், வாசலில் மற்ற அம்மாக்களோடு உட்கார்ந்து, பொழுது போகாமல் கற்றுக்கொண்ட ஆட்டம். அவன் பத்தாம் வகுப்போடு அதை உதறிவிட்டுப் பெங்களூர் போய்விட்டான். என்னால் உதற முடியவில்லை. இந்த அறைக்குள் யாரும் என்னிடம் காப்பி கேட்பதில்லை. இதை விட்டுவிட்டு நான் எங்கே போவேன்?


ஜூன் 22, ஞாயிறு

சேலை டிசைன் முடிந்தது. பார்டரில் வரிசையாக ஜரிகையில் மந்திரிக் காய். பிஷப்பின் தலையில் ஒரு வெட்டு இருக்குமே, அதைக் கட்டம் கட்டமாக வரைவதற்குள் கண் பூத்துப்போனது.

நெய்யப்போவது என் வீட்டுக்காரருடைய தறியில்தான். வரைபடத்தைத் தூரத்தில் வைத்துப் பார்த்தார். கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"இது இன்னா, வாயத் தொறந்துகினு மீனு மாதிரி கீது?"

"மந்திரிங்க."

"ஓ. மந்திரின்னா வாயத் தொறந்துகினுதான் இருப்பாரு" என்று சொல்லிவிட்டு வீரபாகு தறிக்குப் போனார். கட்டிய கணவர் இப்படி வாய்த்தால் எதிரி எதற்கு?


ஜூன் 30, திங்கள்

கம்ப்யூட்டர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.


ஜூலை 3, வியாழன்

ராதிகாவுக்குப் போன் செய்தேன். போட்டி வாசல்களில் என்னோடு உட்கார்ந்திருந்த அம்மாக்களில் அவளும் ஒருத்தி, சென்னையில் இருக்கிறாள். அவள் மகனும் ஆட்டத்தை விட்டுவிட்டான். எங்கள் இருவருக்கும் பழைய பத்திரிகைப் பைத்தியம் மிச்சம்.

தொலைந்த அந்த அடுத்த வாரத்து இதழை எங்காவது தேடமுடியுமா என்று கேட்டேன். "ஏய் பரி, நூலகத்துல போய் நாலு நாள் தூசி தும்மினாதான் கெடைக்கும். எனக்கும் வீட்ல இருக்கப் பிடிக்கல, போறேன்" என்றாள். புண்ணியவதி.


ஜூலை 12, சனி

கிடைத்துவிட்டது. தப்பான வருஷத்துக் கட்டில் சேர்த்துத் தைத்து வைத்திருந்தார்களாம். ராதிகா மூன்று படம் அனுப்பினாள், மூன்றிலும் அவள் கட்டைவிரல்.

கழகத்துப் பிள்ளைகள் போனபிறகு பலகையில் ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டு வந்தேன். ஆங்கில இதழ் கடைசியாகச் சொல்லும் ஆரணி நகர்த்தல், ராணி குதிரையின் ஏழாம் வீட்டுக்கு, அதாவது குதிரை நிற்கும் வரிசையில் ஏழாவது கட்டத்துக்கு, போகிறது என்பது. அதோடு நின்றுவிடுகிறது. தமிழ் மாசிகையும் அந்த வரியில்தான் தொடங்குகிறது. "மந்திரி குதிரையின் ஏழாம் வீட்டில் நிற்கையில்" என்று.

அச்சுப்பிழை என்றுதான் முதலில் நினைத்தேன். இங்கிலீஷ்காரன் பிழை விட்டிருப்பான் என்று. என் நினைப்பைப் பார்.

பிறகு பலகையைப் பார்த்தேன். ஆரணியின் பக்கத்தில் பிஷப்பே இல்லை. இரண்டையும் வேலூர்க்காரர்கள் தொலைந்திருந்த இந்த இதழிலேயே வெட்டித் தின்றுவிட்டார்கள். இல்லாத காயை எப்படிப் பலி கொடுப்பது?

மாசிகையின் வரிகளை மறுபடி வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். அந்தக் காலத்தில் ராஜாவின் பக்கத்தில் ராணி ஏது? மந்திரிதானே நிற்பார். அவர்கள் மந்திரி என்று எழுதியது நாம் ராணி என்கிற காயை. பலகையிலேயே பெரிய காய். இந்த ஊர்ப் பிள்ளைகள் பிஷப்பை மந்திரி மந்திரி என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, நானும் நூற்று நாற்பது வருஷத்துக்கு முந்திய மனிதர்களை என் கழகத்துப் பிள்ளைகளாக நினைத்திருக்கிறேன். கம்ப்யூட்டரைப் பார்த்து ரசனை இல்லை என்று வேறு சொன்னேன்.

சேலை பார்டர் பூராவும் மீன் வாய்.


ஜூலை 13, ஞாயிறு

சரியான காயை வைத்து முடிவை ஆடிப் பார்த்தேன். ஐயோ, எப்படிப்பட்ட ஆட்டம்.

ஆரணி தோற்றுக்கொண்டிருந்தது. அதுதான் உண்மை. ராஜா மூலையில் ஒடுங்கிக் கிடக்கிறார். பக்கத்து வீடுகளை எல்லாம் எதிரியின் காய்கள் காவல் காக்கின்றன. எஞ்சிய இரண்டு சிப்பாய்களும் முட்டிக்கொண்டு நிற்கின்றன. வேலூருக்கு இன்னும் ஒரே நகர்த்தல், ராஜா செத்தார். அந்த நேரத்தில் பொன்னுரங்கம், கையில் மிச்சமிருக்கும் ஒரே பெரிய காயைக் கொண்டுபோய் எதிரி ராஜாவின் மூக்குக்கு முன்னால் வை என்கிறார். மற்ற இருவரும் மறுத்ததில் என்ன ஆச்சரியம்? நான் இருந்திருந்தால் பைத்தியமா என்று கேட்டிருப்பேன்.

வேலூர் ராஜா அதை வெட்டியே ஆக வேண்டும். தப்பிக்க வேறு வீடில்லை. வெட்டினார். இப்போது ஆரணியின் முறை. ஆரணியிடம் நகர்த்துவதற்கு ஒன்றுமே இல்லை. ராஜாவுக்கு அசைவில்லை. எந்த ராஜாவுக்கு? எங்கள் ராஜாவுக்கு. மிரட்டலும் இல்லை, நகரவும் வழி இல்லை என்றால் ஆட்டம் சமன். வெற்றியும் இல்லை தோல்வியும் இல்லை. தமிழ் மாசிகைக்காரர் 'எங்கள்' என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் என் வேலை மிச்சமாகியிருக்கும்.

தோற்க வேண்டிய ஆட்டத்தை, இருக்கிற ஒரே பலத்தையும் தூக்கிக் கொடுத்துத் தோற்காமல் காப்பாற்றியிருக்கிறார். நான் இத்தனை நாள் கற்பனை செய்த வெற்றியைவிட இது எவ்வளவோ அழகு. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. சந்தோஷத்தில் பாதி, குப்புராஜ் அண்ணனை நினைத்துப் பாதி.


ஜூலை 15, செவ்வாய்

ரங்கசாமி சாரிடம் சொன்னேன். கவனமாகக் கேட்டார், கைதட்டவில்லை.

"மேடம், நீங்க ஜெயிச்சோம்னு சொல்ல வேணாம். டிரான்னும் சொல்ல வேணாம். ராஜாவுக்கு அசைவில்லாம ஆட்டம் முடிஞ்சுதுன்னு சொல்லிட்டு எறங்கிடுங்க. மாசிகையிலதான் அப்டியே எழுதியிருக்கே. பொய்யும் இல்ல, பேஜாரும் இல்ல."

மனிதர் கெட்டிக்காரர். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அதை மறைப்பானேன்?


ஜூலை 19, சனி

குப்புராஜ் அண்ணனிடம் இன்று சொல்லிவிட்டேன். கடையில் ஆடித் தள்ளுபடிக் கூட்டம். ஒரு பக்கம் சேலையை விரித்துக்கொண்டே கேட்டார்.

"டிரான்னா?"

"யாரும் ஜெயிக்கலீங்க. யாரும் தோக்கலீங்க."

"அப்போ நான் இன்னா, 'டிரா பார்டர்'னு சேலை விக்கணுமா? கல்யாணத்துக்குக் கட்டிகினு போற பொடவைம்மா அது. ஜெயிக்கவும் இல்ல தோக்கவும் இல்லன்னு பொண்ணு ஊட்டுக்காரன்கிட்ட சொல்லி விக்க முடியுமா?"

விரித்த சேலையை மடித்து வைத்தார். வாடிக்கைக்காரம்மா அதையே கேட்டுக்கொண்டிருந்தும் மடித்து வைத்தார்.

"எங்க அப்பா சாவறவரிக்கும் சொல்லிகினு இருந்தாரு, நம்ம பாட்டன் வெள்ளைக்காரனை ஆட்டத்துல மடக்கினவருன்னு. நீ மேடையில ஜெயிச்சோம்னு சொல்ற. சொல்லல, மறுநாள் மேல சரக்கு ஏத்தறேன். அவ்ளோதாம்மா."

இந்த முறை சிரிக்கவில்லை. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, அதுதான் எரிச்சல். அப்பா சொன்னதை நம்புகிற மனுஷனை என்ன செய்வது?


ஆகஸ்ட் 1, வெள்ளி

கிரணிடம் போனில் சொன்னேன். "அம்மா, ஒரு டிராவுக்காகவா ரூமை விடுவ? அந்த ஆட்டத்தை ஆடினவங்க ஒருத்தரும் உயிரோட இல்லம்மா" என்றான். அவன் சொல்வதும் வாஸ்தவம்தான். உயிரோடு இல்லாதவர்கள் என்னைக் கேட்கவும் மாட்டார்கள். அப்புறம் ஏன் அந்தக் கடைசி நகர்த்தலையே பலகையில் வைத்து வைத்துப் பார்க்கிறேன்?

மீன் வாய்ச் சேலைகள் தறியில் ஓடிக்கொண்டிருக்கின்றன. காய் தப்பு என்று இவரிடம் சொன்னேன். "மீனு நல்லா வந்துகினு கீது, கெடுக்காத" என்றார்.


ஆகஸ்ட் 9, சனி

இரண்டு பேச்சு எழுதிவைத்திருக்கிறேன். ஒன்றில் ஆரணி ஜெயிக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது. படித்துப் பார்த்தால் எனக்கே நம்பிக்கை வருகிறது. இன்னொன்று உண்மை. அதில் மூன்றாவது வரியிலேயே தாளை மடித்துவிடுகிறேன்.

கழகத்தில் பிள்ளைகள் யார் பேச்சையும் கேட்காமல் ஆடிக்கொண்டிருந்தார்கள். சுற்றாத மின்விசிறியின் கீழே உட்காரத் தகராறு, அங்கேதான் ஜன்னல் காற்று வரும். அடுத்த மாதம் இங்கே அட்டைப்பெட்டிகள் இருக்குமோ? பார்க்கவே பிடிக்கவில்லை. சீக்கிரம் கிளம்பி வந்துவிட்டேன்.


ஆகஸ்ட் 24, ஞாயிறு

காலை: மந்திரி வரவில்லையாம். வேறு ஊரில் நிகழ்ச்சி. ஆரணிக்கு மந்திரி விஷயத்தில் ராசியே இல்லை.

மாலை: சொல்லிவிட்டேன்.

கல்யாண மண்டபம் நிரம்பியிருந்தது. மந்திரிக்குப் போட்ட நாற்காலியில் மாலையை வைத்துவிட்டார்கள். இரண்டு பேச்சையும் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் மேடை ஏறினேன். பெரிய பலகையில் காய்களை மாட்டிக்கொண்டே வந்தபோது எதைப் பேசப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. முன்வரிசையில் கழகத்துப் பிள்ளைகள். பலகையில் பிஷப் இல்லாததை அவர்கள் பார்த்துவிட்டார்கள். ஒருத்தி பக்கத்திலிருப்பவளிடம் விரலை நீட்டிக் காட்டுகிறாள். அதற்கப்புறம் எப்படிப் பொய் சொல்வது? பெரியவர்களை ஏமாற்றலாம். பலகையைப் படிக்கத் தெரிந்தவர்களை ஏமாற்ற முடியாது.

அந்தக் காலத்தில் மந்திரி என்றால் இதோ இந்தக் காய் என்று ராணியைத் தொட்டுக் காட்டினேன். பிறகு சொன்னேன். "பொன்னுரங்கம் ஐயா மந்திரியை வெள்ளைக்காரங்க கையில குடுத்தாரு. குடுத்ததாலதான் தப்பிச்சாரு. ஆரணி ஜெயிக்கல. தோக்கவும் இல்ல."

பிள்ளைகள் கைதட்டினார்கள். தோற்க வேண்டிய ஆட்டத்தை இப்படித் தப்பிக்க வைப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அவர்களுக்குத் தெரியும். ரங்கசாமி சார் கையைத் தூக்கினார், குப்புராஜ் அண்ணனைப் பார்த்தார், இறக்கிக்கொண்டார். மற்றவர்கள் சாப்பாடு எப்போது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குப்புராஜ் அண்ணன் எழுந்து மேடைக்கு வந்தார். சேலையை அவரே பிரித்துக் காட்டிவிட்டு, சாப்பிடாமல் போய்விட்டார்.


ஆகஸ்ட் 25, திங்கள்

மாடியறைக்குப் பூட்டு. பலகைகளையும் கடிகாரங்களையும் சாக்கில் கட்டி வாசலில் வைத்திருந்தார்கள். கடைப்பையன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து அழுதேன். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? இவர் காப்பி போட்டுக் கொடுத்தார். அதில் சர்க்கரை இல்லை. குடித்துவிட்டேன்.


ஆகஸ்ட் 30, சனி

கழகம் இப்போது எங்கள் தறிக்கூடத்தில். தறி ஓடும்போது பலகையில் காய்கள் தானாக நகர்கின்றன. "என் குதிரையைத் தறிதான் நகர்த்திடுச்சு மிஸ்" என்று ஒருவன் வாதாடுகிறான். வந்தவர்கள் பாதிப் பேர்தான். மீதிப் பேரின் அம்மாக்களுக்குத் தறிக்கூடத்துக்குப் பிள்ளைகளை அனுப்ப இஷ்டமில்லை. நெய்கிற ஊரில் இதென்ன வியாதியோ.

அடுத்த வாரம் இன்னும் குறையும். தெரிகிறது.


செப்டம்பர் 6, சனி

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

விழாவில் நான் பேசியதை யாரோ போனில் படம் எடுத்து, நடுவில் இரண்டே வாக்கியத்தை வெட்டி பஜார் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கிறார்கள். "பொன்னுரங்கம் ஐயா மந்திரியை வெள்ளைக்காரங்க கையில குடுத்தாரு. குடுத்ததாலதான் தப்பிச்சாரு." அவ்வளவுதான். பலகையும் இல்லை, காயும் இல்லை, என் முகம் மட்டும்.

காய்கறிக்காரம்மா உண்ணாமலை கத்திரிக்காயை நிறுத்துக்கொண்டே கேட்டாள். "ஏம்மா, அந்தப் பட்டுக்கடைக்காரரோட பாட்டன் யாரோ ஒரு மந்திரியைப் புடிச்சி வெள்ளைக்காரன்கிட்ட காட்டிக் குடுத்துட்டாராமே? நீதான் மேடையில புட்டு புட்டு வெச்சியாமே. தைரியம்தாம்மா ஒனக்கு."

நான் அது மரக்காய் என்றேன். "மறைக்காதம்மா, நான் யாராண்ட சொல்லப்போறேன்" என்றாள். ஊரில் பாதிக்குச் சொல்லி முடித்துவிட்டுத்தான் என்னிடம் கேட்கிறாள்.


செப்டம்பர் 11, வியாழன்

குப்புராஜ் அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டார். இந்த வீட்டு வாசற்படியை அவர் மிதித்ததே இல்லை. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"எங்க பாட்டன் எந்த மந்திரியைம்மா காட்டிக் குடுத்தாரு?"

"மந்திரி காயிங்க அண்ணா. நான் அன்னைக்கே தொட்டுக் காட்டினேன்."

"எனக்குத் தெரியும், ஊருக்குத் தெரியலியே. கடைக்கு வர்றவன் எல்லாம் பொடவையைப் பாக்கறானா, என் மூஞ்சைப் பாக்கறான். எங்க பாட்டன் மந்திரியை வித்த காசுலதான் கடை வெச்சோமாம். நேத்து ஒரு சம்பந்தம் பேசவந்த ஆளு கேட்டுட்டுப் போறான்." குரல் உடைந்துவிட்டது. கோபக்காரர்களுக்குக் குரல் உடைந்தால் பார்க்கச் சகிக்காது. நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்தார்.

பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார். "அது டிராவாவே இருக்கட்டும்மா. டிரான்னு சொல்லு. ஜல்தியா எல்லார்கிட்டயும் சொல்லு. எங்க பாட்டன் குடுத்தது ஒரு கட்டைன்னு சொல்லு."

ஜூலையில் நான் தட்டில் வைத்துக் கொடுத்தபோது வேண்டாம் என்ற அதே டிரா. இப்போது அதற்காக என் வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டிருக்கிறார். சிரித்திருக்கலாம். சிரிக்கத் தோன்றவில்லை. அவருடைய கொள்ளுத்தாத்தா மூலையில் மாட்டிக்கொண்டு எப்படி முழித்திருப்பார் என்பது எனக்கு அப்போதுதான் நன்றாகத் தெரிந்தது.

"சொன்னா நம்ப மாட்டாங்க அண்ணா. நான் சொல்லப்போயிதான் இவ்ளோவும். காயைக் கையில எடுத்து ஆடிப் பாத்தாதான் புரியும். ஊர்ல எல்லாருக்கும் கத்துக்குடுக்கறேன், எனக்கொண்ணும் கஷ்டம் இல்ல. அதுக்கு ஒரு ரூம் வேணும்."

என்னை நிமிர்ந்து பார்த்தார். வியாபாரி, புரியாமல் போகுமா?

"மேல சரக்கு ஏத்திட்டேனேம்மா" என்றார்.

நான் அவர் கையிலிருந்த காலி டம்ளரை வாங்கிக்கொண்டேன்.

"எறக்கறேன்" என்றார்.


செப்டம்பர் 14, ஞாயிறு

ராதிகாவிடம் சொன்னபோது போனிலேயே விழுந்து விழுந்து சிரித்தாள். இதை அப்படியே அந்த ஆட்டத்தைப் பற்றிய கட்டுரையோடு சேர்த்து எழுது என்கிறாள். ஆராய்ச்சிக் கட்டுரையில் காய்கறிக்காரம்மாவை எங்கே சேர்ப்பது?

இவர் சொன்னார், மீன் வாய்ச் சேலை எல்லாம் விற்றுத் தீர்ந்ததாம். மந்திரி கதையைக் கேட்டுவிட்டு, அந்தச் சேலை எது என்று பார்க்க வந்தவர்கள் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். இதை குப்புராஜ் அண்ணன் என்னிடம் சொல்லவில்லை.


செப்டம்பர் 20, சனி

கடை வாசலில் புது ஃப்ளெக்ஸ். "மாடியில் சதுரங்கம் கற்றுத்தரப்படும். அனைவரும் வருக. மந்திரி என்பது காய்." கடைசி வரி மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய எழுத்தில்.

உண்ணாமலை வந்தாள், பேரனைக் கையோடு இழுத்துக்கொண்டு. பஜாரிலிருந்து நாலைந்து பேர், மந்திரியைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று. பழைய பிள்ளைகள் எல்லாரும். சுற்றாத மின்விசிறிக்குக் கீழே வழக்கமான தகராறு. சுவரோரம் இன்னும் சில அட்டைப்பெட்டிகள் இருக்கின்றன. அவற்றின் மேல் உட்கார்ந்து ஆடுகிறார்கள். ரங்கசாமி சார் எல்லாவற்றுக்கும் கைதட்டிக்கொண்டிருந்தார்.

வெயில் தாழ்ந்தபிறகு குப்புராஜ் அண்ணன் மேலே வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார், தன் கடையின் மாடிக்கு. மூலை மேசையில், எனக்கு எதிரே உட்கார்ந்தார். பலகையைப் பார்த்தார். பிள்ளைகளுக்குக் கேட்காதபடி மெல்லக் கேட்டார்.

"இதுல மந்திரி எதும்மா?"

பக்கத்து மேசைப் பெண் பிஷப்பைக் காட்டக் கையை நீட்டினாள். நான் ராணியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"இவ்ளோ பெரிய காயையா குடுக்க சொன்னாரு?"

"ஆமாங்க."

உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். ஆரம்பிக்கலாமா என்று கேட்டேன். தலையை ஆட்டினார். காயை மட்டும் கீழே வைக்கவில்லை.